முனை மடித்த கூரை: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

முக்கோணச் சுவர் உச்சிவரை எழும்பாமல், மேல் முனை மட்டும் உள்பக்கமாகச் சரிந்து மடிந்திருக்கும் வீட்டுக் கூரையைப் பற்றியது இது. வரைபடங்களில் ஜெர்கின்ஹெட் என்றோ அரை ஹிப் என்றோ எழுதியிருப்பார்கள். நான் முனை மடித்த கூரை என்றே சொல்லிவிடுகிறேன். கீழே நாலு பக்கமும் சரிந்து, உச்சியில் மட்டும் சின்ன முக்கோணச் சுவர் நிற்கும் கூரை இதற்கு நேர் தலைகீழ். அந்தக் கூரைக்கு இங்குள்ள அளவுகள் பொருந்தாது.

இந்த வகைக் கூரைகளைத் திரும்பத் திரும்பப் பழுது பார்த்ததில் ஒன்று தெளிவானது. கறை எங்கே விழுந்தாலும், விரிசல் எங்கே ஓடினாலும், காரணம் பெரும்பாலும் மூன்றே இடங்களில் இருக்கிறது: மடிப்பு தொடங்கும் இடது மூலை, வலது மூலை, முகட்டு மரம் முடியும் முனை. அதனால் சாந்துக் கலவையோடு ஏணியில் ஏறுவதற்கு முன்னால் இந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள். மேலே பூசி மறைத்த கோளாறு இரண்டு மழைக்காலம் கழித்துப் பெரிய செலவாகத் திரும்பி வந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பேச்சுக்கு வசதியாகச் சில பெயர்கள். முகட்டிலிருந்து கீழே இறங்குவது கைமரம். மடிப்பின் இரண்டு ஓரங்களிலும் சாய்வாக ஏறி முகட்டு முனையில் சேர்பவை மூலைக் கைமரங்கள். அவற்றில் முட்டி நிற்பவை குட்டைக் கைமரங்கள். முனையில் மடிந்த அந்தச் சின்ன முக்கோணச் சரிவைத்தான் மடிப்பு என்கிறேன்.

கணக்கு வரும் இடங்களில் எல்லாம் ஒரே கூரையை எடுத்துக்கொள்கிறேன்: கூரையும் மடிப்பும் 30 டிகிரி சாய்வு, மடிப்பின் கீழ் விளிம்பு 2.4 மீட்டர் நீளம், முக்கோணச் சுவரைத் தாண்டிக் கூரை வெளியே நீட்டியிருப்பது 300 மி.மீ.

## ஏறுவதற்கு முன்

டார்ச், அளவு டேப், ரசமட்டம், தூக்குக்குண்டு, நல்ல நூல்கண்டு, ஒரு ஸ்க்ரூடிரைவர், பென்சில். சோதனை முழுவதற்கும் இவை போதும். முதலில் பரணுக்குள் போய்ப் பாருங்கள், கூரைமேல் ஏறுவது அப்புறம். பாதிக் கேள்விகளுக்குப் பதில் உள்ளேயே கிடைத்துவிடும். பரணில் நடக்கும்போது கால் மரத்தின் மேலேயே இருக்கட்டும், சீலிங் பலகைமேல் வேண்டாம்.

ஏணியை 4 அடி உயரத்துக்கு 1 அடி என்ற கணக்கில் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். ஈர ஓட்டில் கால் வைக்காதீர்கள். மடிப்புச் சரிவு சின்னதாகத் தெரிவதால் ஆபத்தில்லை என்று தோன்றும். உண்மையில் அதன் கீழ் விளிம்பு வீட்டிலேயே உயரமான விளிம்பு. தவறினால் தடுத்து நிறுத்தக் கீழே வேறு சரிவு கிடையாது.

## அறிகுறி 1: முனைப்பக்க அறையின் சீலிங்கில் கறை

முதல் கேள்வி: மழை பெய்யும்போது வருகிறதா, மழையே இல்லாத குளிர்ந்த காலையிலும் வருகிறதா? மழை இல்லாமலும் வந்தால் இது ஒழுகல் இல்லை, அறிகுறி 7க்குப் போங்கள்.

மழையில்தான் வருகிறது என்றால், கறைக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் மூலைக் கைமரத்தின் முதுகில் வழிந்து, அதன் கீழ் முனைவரை வந்துதான் சொட்டும். பகலில் பரணுக்குள் போய் டார்ச்சை அணைத்துவிட்டு வெளிச்சக் கீற்று தெரிகிறதா என்று பாருங்கள். அப்புறம் டார்ச்சைப் போட்டு, மரத்தில் கறுத்த வழிதடத்தைக் கீழிருந்து மேலாகப் பின்தொடருங்கள். தடம் எங்கே தொடங்குகிறதோ அதுதான் நீங்கள் தேடும் இடம்.

### தடம் மூலைக் கைமரத்தின் நடுவில் தொடங்கினால்

எளிய காரணம், மூலைக் கைமரத்தின்மேல் கவிழ்ந்திருக்கும் மூலை ஓட்டுக்கு அடியிலுள்ள சாந்து வெடித்திருக்கும். ஓடு உடையாமல் சாந்து மட்டும் விரிந்திருந்தால் அதைச் சுரண்டி எடுத்துப் புதிதாக வைத்தால் சரி.

அடுத்தது, மூலையில் சாய்வாக வெட்டிய துண்டு ஓடுகள். வெட்டும்போது ஆணித்துளை உள்ள பக்கம் போய்விடுவதால், பல துண்டுகள் வெறும் சாந்தின் பிடியில் நிற்கும். சாந்து விட்டதும் அவை மெதுவாகக் கீழே நழுவும். மூலை ஓட்டை எடுத்துவிட்டு ஒவ்வொரு துண்டையும் விரலால் அசைத்துப் பாருங்கள். அசைகிறவற்றைத் துருப்பிடிக்காத கம்பியாலோ கிளிப்பாலோ ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டத்தோடு கட்டுங்கள். பாதி ஓட்டைவிடச் சின்ன துண்டு இருந்தால் அதை எடுத்துவிட்டு, பக்கத்து ஓட்டையும் சேர்த்து அகலமான துண்டாக வெட்டிப் போடுவது நல்லது.

மூலை ஓட்டை எடுத்த கையோடு அடியிலுள்ள ஈரத்தடுப்பு விரிப்பையும் பாருங்கள். இரண்டு சரிவுகளின் விரிப்பும் மூலைக் கைமரத்தைத் தாண்டி ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்க வேண்டும். பல கூரைகளில் இரண்டும் மரத்தின் நடுவோடு வெட்டி நிறுத்தப்பட்டிருக்கும். அப்படியென்றால் மூலையின் முழு நீளத்துக்கும் ஒரு பட்டை விரிப்பை மேலே போட்டு மூடலாம். ஒரு நாள் வேலைதான்.

### தடம் கீழ் மூலையில் தொடங்கினால்

நான் அதிகமாகச் சரிசெய்தது இதைத்தான். மடிப்பின் விளிம்பும் கூரையின் சாய்ந்த ஓரமும் சந்திக்கும் அந்த மூலையில் மூன்று மரங்களும் இரண்டு ஓரப்பலகைகளும் வந்து சேர்கின்றன. அங்கே மடித்த தகடு ஒன்று இருக்க வேண்டும், பெரும்பாலும் சாந்து உருண்டை ஒன்றுதான் இருக்கும். மரம் வெயிலிலும் மழையிலும் சுருங்கி விரியும்போது சாந்து பிரிந்து, அந்த இடைவெளி தண்ணீரைக் குடிக்கும்.

ஸ்க்ரூடிரைவரால் மூலைக் கைமரத்தின் கீழ் முனையைக் குத்திப் பாருங்கள். உறுதியாக இருந்தால் சாந்தை எடுத்துவிட்டுத் தகடு மடித்து வைத்தால் போதும். முனை கால் அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. அந்த முனைதான் மூலைக் கைமரத்தின் பாதம். அதை மாற்றும்போது சரிவின் பாரத்தை வேறெங்காவது தாங்க வைக்க வேண்டும் என்பதால் தச்சரைக் கூப்பிடுங்கள்.

### தடமே இல்லாமல் சரிவு முழுவதும் ஈரமாக இருந்தால்

மடிப்பின் சாய்வை அளந்து பாருங்கள். உச்சியில் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று மடிப்பை மட்டும் படுக்கையாக அமைத்திருப்பார்கள். ஒவ்வொரு ஓட்டுக்கும் குறைந்தபட்சச் சாய்வு இவ்வளவு என்று தயாரிப்பாளர் சொல்லியிருப்பார். மடிப்பு அதற்கும் குறைவாக இருந்தால் காற்றோடு வரும் மழை ஓட்டுக்கு அடியில் ஏறத்தான் செய்யும். சாந்தும் பெயின்டும் இதற்கு மருந்தில்லை. ஓடுகளை இறக்கி, அந்தச் சாய்வுக்கு ஏற்ற வேறு கூரைப்பொருளைப் போட வேண்டும். இந்த அறிகுறியில் செலவு மிகுந்த வழி இது. அதனால்தான் கடைசியில் சொல்கிறேன்.

எந்தத் தடமும் பிடிபடாவிட்டால் குழாய்த் தண்ணீர் சோதனை. ஒருவர் பரணில் டார்ச்சோடு இருக்க, இன்னொருவர் கீழ் விளிம்பிலிருந்து தொடங்கி ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம் தண்ணீர் விட்டு, சிறிது சிறிதாக மேலே நகர வேண்டும். உச்சியிலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து எது ஓட்டை என்றே தெரியாமல் போகும். பீய்ச்சி அடிக்காமல் மழை விழுவதுபோல் விடுங்கள்.

## அறிகுறி 2: முக்கோணச் சுவரில் நீண்ட அழுக்குக் கோடுகள், பாசி

கோடுகள் சுவரின் நடுவில் பரவலாக இருந்தால் மடிப்பின் விளிம்பிலிருந்து விழும் தண்ணீர் காற்றில் சுவர்மேல் அடிக்கிறது. இரண்டு மூலைக்கு நேர் கீழே மட்டும் இருந்தால் பீலியின் (விளிம்பில் மழைத்தண்ணீரைப் பிடிக்கும் வாய்க்கால்) முனை வழிகிறது, அல்லது அங்கே தகடு இல்லை.

பலருக்கு மடிப்பின் விளிம்புக்குப் பீலி தேவையா என்ற சந்தேகம். நம் கூரையில் மடிப்பின் தரைப்பரப்பு 1.44 சதுர மீட்டர். மணிக்கு 50 மி.மீ. மழை பெய்தால் அதிலிருந்து வருவது 72 லிட்டர், அதாவது ஒரு மணி நேரத்துக்கு ஐந்தாறு வாளி. சின்னப் பீலிக்குக்கூட இது பாரமே இல்லை. ஆனால் அந்த ஐந்தாறு வாளியும் வீட்டின் உயரமான சுவரின் முகத்தில் வழிந்தால் சில வருடத்தில் பூச்சு உரியும்.

முதலில் பீலிக்குள் இலை, பறவைக்கூடு இருக்கிறதா பாருங்கள். அடுத்து ரசமட்டம் வைத்து வாட்டம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். இரண்டு பக்கமும் மூலையை நோக்கி இறங்கி, அங்கிருந்து தண்ணீர் பெரிய சரிவின் ஓட்டின்மேல் விழும்படி வாய் திருப்பியிருந்தால் தனியாக இறக்குக் குழாய் தேவைப்படாது. வாய் நேராக வெளியே பார்த்திருந்தால் தண்ணீர் சாய்ந்த ஓரப்பலகையின் முகத்தில் வழிந்து பலகையைத் தின்றுவிடும். ஒரு சின்னத் தகடு மடித்து வாயைத் திருப்பினால் சரியாகிவிடும். பீலியே இல்லாத வீட்டில் முதல் வரிசை ஓடு ஓரப்பலகையைத் தாண்டி இரண்டு அங்குலம் நீட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

உயரமான ஏணியில் நின்று செய்யும் வேலை என்பதைத் தவிர இதில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை.

## அறிகுறி 3: முகடு முனைப்பக்கம் தொய்ந்து தெரிகிறது

தெருவிலிருந்து பார்த்தால் முகடு நேராக வந்து, மடிப்பு தொடங்கும் இடத்தில் மூக்கு தாழ்ந்ததுபோல் இருக்கும். இதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

முதலில் உண்மையிலேயே தொய்வா என்று உறுதி செய்யுங்கள். முகட்டின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நூல் கட்டிப் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். தாழ்ந்திருப்பதே ஒரு முனை என்பதால் நூலும் அதோடு தாழ்ந்து எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டும். அதற்குப் பதிலாகப் பரணில், தொய்வில்லாத பகுதியில் இரண்டு இடங்களில் முகட்டு மரத்தின் அடியைத் தொட்டு நூல் கட்டி, அதே நேர்கோட்டில் மடிப்பு முனைவரை நீட்டுங்கள். அங்கே மரத்தின் அடி நூலைவிட எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை அளந்து, தேதியோடு மரத்திலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். லேசர் மட்டம் இருந்தால் வேலை இன்னும் சுலபம்.

### மூலை ஓடு மட்டும் தாழ்ந்து, மரம் நேராக இருந்தால்

முகட்டு ஓடும் இரண்டு மூலை ஓடுகளும் சேரும் மூன்று வழிச் சந்திப்பில் சாந்து நொறுங்கி ஓடு உட்கார்ந்திருக்கும். எடுத்து வைத்தால் தீர்ந்தது.

### மரமே தாழ்ந்திருந்தால்

சாதாரண முக்கோணச் சுவர்க் கூரையில் முகட்டு மரத்தின் முனையைச் சுவர் தாங்கும். முனை மடித்த கூரையில் முகடு சுவருக்கு முன்பே நின்றுவிடுகிறது. நம் கூரையில் சுவரிலிருந்து 900 மி.மீ. உள்ளேயே முடிந்துவிடும். அந்த முனையை யார் தாங்குகிறார்கள் என்பதுதான் கேள்வி. பரணில் நின்று மேலே பார்த்தால் மூன்று நிலைமைகளில் ஒன்று தெரியும்.

ஒன்று, முகட்டு முனையிலேயே எதிரெதிராக ஒரு ஜோடிக் கைமரம் இருக்கிறது, அவற்றின் அடிகளை ஒரு கட்டு மரம் இணைக்கிறது. சரியான அமைப்பு இதுதான். இங்கே தொய்வு வந்திருந்தால் ஆணி தளர்ந்திருக்கலாம், கட்டு மரம் பிரிந்திருக்கலாம், கைமரம் வெடித்திருக்கலாம். இணைப்புகளைப் பாருங்கள். மரம் நல்லபடி இருந்தால் தச்சர் ஒருவரே சரிசெய்துவிடுவார்.

இரண்டு, முனையில் ஜோடி இல்லை. கடைசி ஜோடி அரை மீட்டர் தள்ளி உள்ளே இருக்கிறது, முகட்டு மரம் அதைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறது, மூலைக் கைமரங்கள் அந்த நீட்டலில் தொங்குகின்றன. ஒரு ஜோடிக் கைமரத்தை முனையில் சேர்ப்பதுதான் வழி. சேர்ப்பதற்கு முன் முனையைப் பழைய மட்டத்துக்குத் தூக்க வேண்டும் என்பதால் இதுவும் தச்சரின் வேலை.

மூன்று, முகட்டு மரம் தடிமனாக இருக்கிறது, கைமரங்களின் அடிகளை இணைக்கும் கட்டு மரம் எங்கும் இல்லை. அப்படியென்றால் அது வெறும் முகட்டுப் பலகை இல்லை, பாரம் தாங்கும் உத்திரம். அதன் இரண்டு முனைகளுக்கும் அடியில் தரைவரை இறங்கும் தாங்கல் வேண்டும். நான் போய்ப் பார்த்த ஒரு வீட்டில் ஆரம்பத்தில் முழு முக்கோணச் சுவர் இருந்திருக்கிறது. பிற்பாடு அழகுக்காக உச்சியை வெட்டி மடித்திருக்கிறார்கள். சுவரின்மேல் உட்கார்ந்திருந்த உத்திரத்தையும் சேர்த்து அறுத்துவிட்டு, முனையை இரண்டு மெல்லிய மூலைக் கைமரங்களின் தலையில் விட்டுவிட்டார்கள். முனை ஒரு கையகலம் தாழ்ந்திருந்தது. உள்ளே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்களை நினைத்து எனக்கு மனசே ஆறவில்லை.

மூன்றாவது நிலைமை என்றால் கட்டமைப்புப் பொறியாளரை அன்றைக்கே கூப்பிடுங்கள். ஜாக்கி வைத்து நீங்களே தூக்கிவிடாதீர்கள். சீலிங் மரத்தின் நடுவில் முட்டுக்கட்டை நிறுத்துவதும் தீர்வில்லை, பாரம் அந்த மரத்துக்கு இடம் மாறி சீலிங் தொய்யும். முட்டு எங்கே இறங்கினாலும் அதற்கு நேர் கீழே சுவர், அதற்குக் கீழே அஸ்திவாரம் இருக்க வேண்டும். அமெரிக்காவின் வீட்டுக் கட்டட விதிநூலான ஐஆர்சி, மூலைக் கைமரத்தை முகட்டில் பாரம் தாங்கும் சுவருக்கு இறங்கும் முட்டால் தாங்க வேண்டும், இல்லையென்றால் அந்த இடத்தின் பாரத்தைச் சுமக்கும்படி அதைக் கணக்கிட்டு அமைக்க வேண்டும் என்கிறது. சாய்வு 12 படுக்கைக்கு 3 ஏற்றத்துக்கும் குறைவாக இருந்தால், அதாவது சுமார் 14 டிகிரிக்குக் கீழே, முகட்டையும் மூலைக் கைமரத்தையும் உத்திரமாகவே கணக்கிடச் சொல்கிறது.

## அறிகுறி 4: முக்கோணச் சுவரில் விரிசல், அல்லது சுவர் வெளியே சாய்கிறது

விரிசல் படுக்கையாக, மடிப்பின் அடி உட்காரும் உயரத்தில் ஓடுகிறதா? அப்படியென்றால் குட்டைக் கைமரங்கள் சுவரின் தலையை வெளியே தள்ளுகின்றன. மடிப்புச் சரிவு சின்னது என்பதால் அதன் தள்ளலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் சுவரின் அந்தத் தலைப்பகுதிக்கும் வேறு பிடிப்பு இல்லை.

தூக்குக்குண்டைச் சுவரின் தலையிலிருந்து தொங்கவிட்டு மேலும் கீழும் இடைவெளியை அளந்து பாருங்கள். பரணுக்குள் போய் சுவர்த்தலையில் உள்ள சட்டம் போல்ட்டாலோ இரும்புப் பட்டையாலோ சுவரோடு பிணைக்கப்பட்டிருக்கிறதா, அங்கிருந்து உள்ளே இருக்கும் சீலிங் மரங்களுக்கோ கைமரங்களுக்கோ பட்டை போகிறதா என்று பாருங்கள். ஒரு பட்டையும் இல்லாமல், சட்டத்தைச் சாந்தில் பதித்து மட்டும் வைத்திருக்கும் வீடுகள் நிறைய.

விரிசலின் இரண்டு நுனியிலும் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். மாதம் ஒருமுறை அதே இடத்தில் அளங்கள்.

மயிரிழை அளவில் இருந்து மூன்று நான்கு மாதம் நகராவிட்டால் பூசி மூடலாம். நகர்கிறது, ஆனால் சுவர் நேராக நிற்கிறது என்றால் பட்டை போட்டுச் சட்டத்தை உள்ளே இழுத்துக் கட்டுவதுதான் முதல் வேலை, பூச்சு அதற்கப்புறம். பூச்சை முதலில் செய்தால் விரிசல் நகர்வது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். 5 மி.மீ.க்கு மேல் விரிந்தாலோ, சுவரின் இரண்டு முகத்திலும் தெரிந்தாலோ, தூக்குக்குண்டு சாய்வைக் காட்டினாலோ பொறியாளர் வர வேண்டும். அதுவரை அந்தச் சுவருக்கு வெளியே குழந்தைகள் விளையாட வேண்டாம்.

விரிசல் படுக்கையாக இல்லாமல் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடினால் கூரைக்குச் சம்பந்தம் இருக்காது. அது லின்டலோ அஸ்திவாரமோ, வேறு விசாரணை.

## அறிகுறி 5: கட்டும்போது மூலைக் கைமரங்கள் முகட்டில் சேரவில்லை

வீட்டுக்காரர்களைவிடத் தச்சர்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

### இரண்டுமே ஒரே அளவு குட்டையாகவோ நீளமாகவோ இருந்தால்

அளவைச் சுவரிலிருந்து எடுத்திருப்பீர்கள். மடிப்பு தொடங்குவது சுவரில் இல்லை, வெளியே நீட்டிய கூரையின் ஓரத்தில். நம் கூரையில் ஓரத்திலிருந்து முகட்டு முனைக்கு 1.2 மீட்டர், சுவரிலிருந்து பார்த்தால் 0.9 மீட்டர். இந்த 300 மி.மீ.யை மறந்தால் முகடு தவறான இடத்தில் நிற்கும்.

இதே மறதிதான் கொத்தனார் பக்கமும் வரும். மடிப்பின் விளிம்பு என்ன உயரமோ அதே உயரத்தில் சுவரை வெட்டி நிறுத்திவிடுவார். ஆனால் சரிவு 300 மி.மீ. உள்ளே வருவதற்குள் 173 மி.மீ. ஏறிவிடும். கைமரத்தின் கனத்தைக் கழித்தபின் மிச்சமுள்ள இடைவெளியைச் செங்கல் துண்டால் அடைப்பார்கள். சுவர்த்தலை பலவீனமாவது இங்கேதான். சுவரின் தலையகலமும் அதற்கேற்பக் குறையும், விளிம்பில் 2.4 மீட்டர், சுவரில் 1.8 மீட்டர்.

### ஒன்று சரியாக, மற்றது தவறாக இருந்தால்

முகட்டு மரம் நடுவில் இல்லை. முனையிலிருந்து இரண்டு கீழ் மூலைக்கும் நூல் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் மூலைக் கைமரத்தை வெட்டிச் சரிக்கட்டாதீர்கள், முகட்டை நகர்த்துங்கள்.

### நீளம் சரி, ஆனால் வெட்டு முகம் படியவில்லை என்றால்

இரண்டு சரிவும் ஒரே சாய்வாக இருந்தால் மேலிருந்து பார்க்க மூலைக் கைமரம் 45 டிகிரியில் போகும். சாதாரணக் கைமரம் படுக்கையாக 12 ஓடும் இடத்தில் இது 17 ஓடும், ஏறும் உயரம் இரண்டுக்கும் ஒன்றே. நம் கூரையில் உயரம் 0.693 மீட்டர், மூலைக் கைமரத்தின் நீளம் 1.833 மீட்டர், நடுக் கைமரம் 1.386 மீட்டர். மூலைக் கைமரத்தின் சாய்வு 30 இல்லை, சுமார் 22 டிகிரி. நிலைவெட்டை, அதாவது முகட்டில் படியும் செங்குத்து வெட்டை, 30 டிகிரியில் வெட்டியவர்களுக்குத்தான் முகம் படியாது. முகட்டு மரம் 50 மி.மீ. தடிமன் என்றால், மூலைக் கைமரத்தில் படுக்கை அளவாக 35 மி.மீ. கழிக்க வேண்டும், 25 கழித்தால் இடிக்கும்.

மடிப்பு கூரையைவிடச் செங்குத்தாக இருந்தால் 12க்கு 17 கணக்கைத் தொடவே வேண்டாம். கூரை 30, மடிப்பு 45 டிகிரி என்று வையுங்கள்: உயரம் அதே 0.693, முகட்டு முனை ஓரத்திலிருந்து 0.693 மீட்டரே உள்ளே வரும், மூலைக் கைமரத்தின் திசையும் 45 டிகிரியாக இருக்காது. தரையில் முழு அளவில் வரைந்து, அதிலிருந்து கோணம் எடுங்கள். அரை நாள் போகும், ஆனால் மரம் வீணாகாது.

### குட்டைக் கைமரங்கள் ஒழுங்காக இறங்கவில்லை என்றால்

600 மி.மீ. இடைவெளியில் 30 டிகிரிக்கு ஒவ்வொன்றும் முந்தையதைவிட 693 மி.மீ. குறைய வேண்டும். நம் மடிப்பில் நடுவில் 1.386, அதன் இரு பக்கமும் 0.693. அளவு சரியாக இருந்தும் படியவில்லை என்றால் மூலைக் கைமரம் பக்கவாட்டில் வளைந்திருக்கும். ஒரு பக்கத்துக் குட்டைகளை எல்லாம் முதலில் அடித்தால் இப்படித்தான் ஆகும். பிரித்துவிட்டு, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஜோடியாக அடித்து வாருங்கள், நூலைக் கட்டியபடியே.

## அறிகுறி 6: மூலையோரம் ஓடு தூக்கி நிற்கிறது

நேரான சட்டம் ஒன்றை ரீப்பர்கள்மேல் மூலைவரை வைத்துப் பாருங்கள். மூலைக் கைமரத்தின் விளிம்பு மேலே புடைத்திருந்தால், அதன் முதுகை இரண்டு பக்கமும் சீவாமல் விட்டிருக்கிறார்கள், அல்லது மரத்தைத் தாழ்த்தி உட்கார வைக்கவில்லை. 50 மி.மீ. மரத்துக்கு 30 டிகிரியில் சுமார் 10 மி.மீ. தாழ்த்த வேண்டும். கட்டும்போது மரத்தின் பாதம் உட்காரும் பள்ளத்தை ஆழப்படுத்தினால் முடிந்தது. கூரை மூடியபின் என்றால் மூலையோர ஓடுகளை எடுத்து முதுகை இழைத்துச் சீவ வேண்டும்.

புடைப்பு இல்லாமல் பள்ளமாக இருந்தால் மூலைக் கைமரம் தொய்கிறது. பெரும்பாலும் அது மற்றக் கைமரங்களின் அதே ஆழத்தில் இருக்கும். குட்டைக் கைமரத்தின் வெட்டு முகம் சாதாரண ஆழத்தைவிட நீளமானது, முழு முகமும் முட்ட வேண்டுமானால் மூலைக் கைமரம் ஒரு அளவு ஆழமாக இருக்க வேண்டும். தொய்வு என்றால் அறிகுறி 3இல் சொன்ன முனைச் சோதனையையும் செய்துவிடுங்கள்.

## அறிகுறி 7: மழையே இல்லாமல் பரணில் ஈரம், பூஞ்சை

ஆணிகளின் நுனியில் நீர்த்துளிகள், பலகையில் பரவலான கருப்புப் புள்ளிகள், தடம் எதுவும் இல்லை. இது வீட்டுக்குள்ளிருந்து ஏறும் ஈரக்காற்று குளிர்ந்து படிவது. முக்கோணச் சுவரின் உச்சியில் வழக்கமாக வைக்கும் காற்றுத்துளைக்கு இந்தக் கூரையில் இடம் போய்விடுகிறது, முகடும் குட்டை. குளியலறை விசிறியின் குழாய் பரணுக்குள்ளேயே முடிகிறதா என்று முதலில் பாருங்கள், பாதி வீடுகளில் அதுதான். அடுத்து இறவாரத் துளைகள் அடைத்திருக்கின்றனவா, மடிப்பின் விளிம்பிலும் துளை விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டையும் சரிசெய்தும் நிற்காவிட்டால் முகட்டில் காற்றோட்ட ஓடு பொருத்த ஆள் கூப்பிடலாம்.

## அறிகுறி 8: காற்றடித்தால் மூலை ஓடு கடகடக்கிறது

காற்று ஓடுகளை மேலே உறிஞ்சி இழுப்பது கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும்தான் அதிகம். இந்த மூன்றும் நெருங்கி நிற்பது மடிப்பில். சாந்தின் எடையையும் பிடிப்பையும் நம்பி வைத்த மூலை ஓடு, பிடிப்பு விட்டதும் முதலில் சத்தம் போடும், அப்புறம் பறக்கும். ஓட்டுக் கூரைகளுக்கான பிரிட்டனின் பிஎஸ் 5534 விதியின் 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தில், மூலை ஓட்டையும் முகட்டு ஓட்டையும் சாந்தோடு திருகாணி, கிளிப் போன்ற பிடிப்பும் போட்டே வைக்க வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள்.

சத்தம் ஒன்றிரண்டு ஓட்டில் என்றால் எடுத்து, அடியில் ஒரு மரப்பட்டை அடித்து, ரப்பர் வளையத்தோடு திருகாணி போடுங்கள். வரிசை முழுவதும் என்றால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள், சாந்தின் வயது எல்லா ஓட்டுக்கும் ஒன்றுதான்.

ஓடு அசையாமல் ஓரப்பலகையோடு சேர்ந்து விளிம்பே ஆடினால், வெளியே நீட்டிய பகுதியைத் தாங்கும் மரங்கள் உள்ளே போதிய தூரம் ஓடவில்லை. அவை சுவரைத் தாண்டி உள்ளே போய், அடுத்த கைமரத்தில் பிணைந்திருக்க வேண்டும். பரணிலிருந்து பார்த்தால் தெரியும். சுவரோடு முடிந்திருந்தால் விளிம்பைப் பிரித்து மரம் மாற்ற வேண்டும். சாரம் கட்டித் தச்சர் செய்யும் வேலை அது. புயல் எச்சரிக்கை வந்தபின் ஏறாதீர்கள், அந்த முனைக்குக் கீழே வண்டியையும் நிறுத்தாதீர்கள்.